மணிக்கு ஏன் கேட்கவில்லை?

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த நாய் மணி. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ல் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டதே, அதே ராஜபாளையம் இனம். கூப்பிட்டால் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காது. ‘திமிர் பிடிச்ச நாய்’ என்று அப்பா சில நாள் அடித்தும்விடுவார்.

அந்தத் தீபாவளியன்று, தெரு நாய்களெல்லாம் சரவெடிக்குப் பயந்து வண்டிகளுக்கு அடியில் பதுங்கின. மணி மட்டும் திண்ணையில் நிம்மதியாகத் தூங்கியது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாமல் இருப்பதுண்டு என்றார் கால்நடை மருத்துவர். அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து தரையைக் காலால் தட்டித்தான் அழைப்பார். அதிர்வு தெரிந்ததும் மணி வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும்.

அடுத்து வந்த ஜிம்மி எங்களோடு இருந்தது இரண்டே மாதம். ‘வீட்டுக்குள்ள வளர்ற குட்டிக்கு எதுக்கு ஊசி?’ என்று இருந்துவிட்டோம். வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக பார்வோ வைரஸ் கொண்டுபோய்விட்டது. 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள், 3 மாதத்தில் ரேபிஸ் ஊசி... எல்லாம் அதன் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

இப்போது இருப்பது கருப்பி, தெருவிலிருந்து வந்த நாட்டு நாய். அதன் தடுப்பூசி அட்டை பீரோவில் ரேஷன் கார்டு பக்கத்திலேயே இருக்கிறது. வெடிச் சத்தம் கேட்டால் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அப்பா குனிந்து அதன் தலையைத் தடவிச் சொல்வார்: ‘காது நல்லாக் கேக்குதுல்ல, அது போதும்!’