திருவாசக இசைத்தொகுப்பும் கேட்போர் கருத்தும்: கெடாத் தமிழ்ச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஓர் இசைத்தொகுப்பைப் பற்றிக் கேட்போர் கூறும் கருத்துகள் பெரும்பாலும் ‘நன்று’, ‘நன்றன்று’ என்னும் இரு சொற்களுள் அடங்கிவிடுகின்றன. அச்சொற்களுக்குப் பின்னால் எத்தகைய கேள்விப்பயிற்சி நிற்கிறது என்று வினவும்போதுதான் அவை ஆய்வுக்குரிய சான்றாகின்றன. இளையராஜா 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட திருவாசக இசைத்தொகுப்பைப் பற்றிக் கெடா மாநிலத் தமிழரிடையே எழும் கருத்துகளை இந்நோக்கில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைஞரும் தொகுப்பும்

1943ஆம் ஆண்டில் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, தம் தமையனார் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராகச் சென்று மக்களிடையே பாடி வளர்ந்தவர். பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்றார். திரையிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்தார். 1976ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அன்னக்கிளி’ அவரை நாட்டுப்புற மெட்டுகளின் இசையமைப்பாளராகத் தமிழுலகுக்கு அறிமுகப்படுத்தியது. பாடல்கள் இயற்றுவதிலும் பாடுவதிலும் அவர் வல்லவர். நாட்டுப்புறப் பாடலும் கிட்டாரும் அவருடைய இசைவாழ்வின் தொடக்கத்திலேயே இணைந்துவிட்டன என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

திருவாசகத்தின் 51 பகுதிகளுள் ஆறிலிருந்து தேர்ந்தெடுத்த பாடல்கள் இத்தொகுப்பில் இடம்பெறுகின்றன. யாத்திரைப்பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்தபத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து என்பன அவை. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு இதற்கு வாசித்தது. சிவபுராணப் பகுதியில் இடம்பெறும் ஆங்கில வரிகளை அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் சுவார்ட்ஸ் எழுதினார். ‘சிம்பொனி’ என்னும் பெயரால் இது பரவலாக அறியப்பட்டாலும், சமயப் பனுவலைக் குரலும் கருவியிசையும் கூடிப் பாடும் ‘ஆரட்டோரியோ’ என்னும் வகைக்கே இது நெருக்கமானது.

மூவகைச் செவிகள்

சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பீடோங் முதலிய ஊர்களின் சமயக் கூட்டங்களிலும் ஆசிரியர் உரையாடல்களிலும் இத்தொகுப்பைப் பற்றி நாம் கேட்டறிந்த கருத்துகளை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, திருமுறை ஓதும் மரபில் பழகிய செவி. திருவாசகத்தை மோகன இராகத்தில் ஓதுவது வழக்கம். அவ்வோதுதலைக் கேட்டுப் பழகியவர்க்குப் பல்லியமும் ஆங்கிலமும் அயன்மையாகப் படுகின்றன. 95 அடிகளைக் கொண்ட சிவபுராணத்தை முதலடியிலிருந்து தொடங்காமல் 25ஆம் அடியிலிருந்து தொடங்கியது அவர்களுக்கு ஒரு குறை. இக்குறை வெறும் பழமைப்பற்று அன்று. ஓதுதலில் அடிவரிசை என்பது வழிபாட்டு வரிசையுமாகும்.

இரண்டாவது, திரையிசையில் பழகிய செவி. இது பாடலைவிடக் குரலை முதலில் அடையாளம் காண்கிறது. ‘நம் இராஜாவின் குரல்’ என்னும் உறவு அதற்குப் போதுமானது. திருவாசகத்தை ஒருபோதும் ஓதியிராத இளைஞர் சிலரை அந்நூலின்பால் திருப்பியது இவ்வுறவே. எனினும் பனுவலின் பொருளைத் தேடாமல் குரலோடு நின்றுவிடும் இடரும் இதில் உண்டு.

மூன்றாவது, தோட்டப்புறத்தில் பழகிய செவி. தாலாட்டு, கும்மி, கோலாட்டம், ஒப்பாரி, திருவிழாக் காலத்து உறுமி மேளம் ஆகியவற்றோடு வளர்ந்த முதியோரின் செவி இது. ‘கூடப் பாட வருகிறதா?’ என்பதே அவர்கள் முதலில் எழுப்பும் வினா. ஒரு வரி மீண்டும் மீண்டும் வரும்போது அவர்கள் தலையசைக்கின்றனர். அவ்வரி வராத இடத்தில் கவனம் தளர்கின்றனர். இக்கருத்தைப் படிப்பறிவு குறைந்தோர் கருத்தென ஒதுக்குவோர் உளர். நம் நோக்கில் இதுவே பனுவலின் அமைப்புக்கு மிக அருகில் நிற்கும் கருத்தாகும்.

பனுவலில் உள்ள நாட்டுப்புறம்

மாணிக்கவாசகர் மகளிர் விளையாட்டுகளையும் தொழில்களையும் தழுவிப் பல பகுதிகளைப் பாடினார். திருவம்மானை, திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் ஆகியன அவற்றுட் சில. இத்தொகுப்பில் இடம்பெறும் ஆறனுள் இரண்டு இவ்வகையைச் சார்ந்தவை. திருப்பொற்சுண்ணம் மகளிர் கூடி நறுமணப் பொடி இடிக்கும்போது பாடுவதாக அமைந்தது. திருக்கோத்தும்பி அரச வண்டை விளித்து இறைவனிடம் சென்று ஊதுமாறு வேண்டுவது. இரண்டிலும் பாட்டுதோறும் ஈற்றுத் தொடர் மீண்டு வருகிறது. ஒருத்தி பாட மற்றவர் அத்தொடரில் சேர்ந்துகொள்ளும் கூட்டுப்பாடலின் தடம் அது.

எனவே, ‘கூடப் பாட வருகிறதா?’ என்னும் தோட்டத்து மூதாட்டியின் வினா அறியாமையில் பிறந்ததன்று. உலக்கைப் பாட்டையும் கும்மியையும் அறிந்த செவி, அப்பனுவலின் பிறப்பிடத்தை நோக்கி எழுப்பும் வினா அது. நாட்டுப்புற இசையில் தோன்றிய ஒரு கலைஞர் இப்பகுதிகளைத் தேர்ந்தது பொருத்தமே. ஆனால் பல்லியத்தின் பெருக்கத்தில் கேட்போர் பாடுவோராக மாறும் வாய்ப்பு குறைகிறது என்பதையும் அவ்வினா சுட்டுகிறது. பாராட்டும் குறையும் அவ்வொரே வினாவில் அடங்கியுள்ளன.

மறையும் செவி

கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடம்விட்டன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தோட்ட வரிசை வீடுகளை விட்டு நகர அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தோர் உடைமைகளைக் கொண்டு சென்றனர்; கூடிப் பாடும் முற்றத்தைக் கொண்டு செல்ல இயலவில்லை. பாடும் களம் மறையும்போது அக்களத்தில் பயின்ற செவியும் மறைகிறது. ஓதுவார் மரபுக்கு வகுப்புகள் உள்ளன. திரையிசைக்கு வானொலி உள்ளது. மூன்றாம் செவிக்கு அத்தகைய காப்பிடம் எதுவும் இல்லை.

இந்நிலையில் தமிழாசிரியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. திருப்பொற்சுண்ணத்தின் ஒரு பாட்டை மாணவர் முதலில் வாய்விட்டுப் படிக்கட்டும். அடுத்து மரபுவழி ஓதக் கேட்கட்டும். பின்னர் இத்தொகுப்பில் கேட்கட்டும். இறுதியாக, வீட்டிலுள்ள பாட்டியிடம் அதனைக் கேட்கச் செய்து, அவர் கூறும் கருத்தையும், அதனால் அவர் நினைவுக்கு வரும் பாட்டையும் பதிவுசெய்து வரட்டும். திருமுறைப் போட்டிக்காக மனனம் செய்யும் மாணவன், தான் மனனம் செய்தது ஒரு காலத்தில் பலர் கூடிப் பாடிய பாட்டின் வடிவம் என்பதை அப்போது உணர்வான்.

முடிவுரை

மூவகைக் கருத்துகளுள் எது சரி என்று தீர்ப்புரைப்பது நம் நோக்கமன்று. ஓதுவார் செவி பனுவலின் வரிசையைக் காக்கிறது. திரையிசைச் செவி புதியோரை அழைத்து வருகிறது. தோட்டத்துச் செவி பனுவலின் வேரை அறிகிறது. முதலிரு கருத்துகளும் இனியும் தொடர்ந்து ஒலிக்கும். மூன்றாவதை இன்று கேட்டுப் பதிவுசெய்யாவிடில், நாளை அதனைக் கூற எவரும் இருக்கமாட்டார்.