மாங்கா அடிச்ச கையா? பேஸ்பால் எறிங்க பாஸ்!

ஊத்தங்கரை பக்கம் பிறந்தவங்களுக்கு எறியறதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மத்தூர் ரோடு, சிங்காரப்பேட்டை ரோடு, எந்தப் பக்கம் போனாலும் சீசன்ல தோப்புத் தோப்பா மாங்கா தொங்கும். காவக்காரர் குரல் கேட்கறதுக்குள்ள ஒரே கல்லுல காம்பைப் பார்த்து அடிச்ச கைதானே உங்களுது? அந்தக் கைக்குத்தான் இந்த வார மேட்டர். கிரிக்கெட் இல்லீங்க, பேஸ்பால்!

'அது அமெரிக்காக்காரன் ஆட்டமாச்சே'னு நழுவாதீங்க. ரிங்கு சிங், தினேஷ் படேல்னு உத்தரப்பிரதேசத்து கிராமத்துப் பசங்க ரெண்டு பேர். ஈட்டி எறியறவங்க. பேஸ்பாலைத் தொட்டதுகூடக் கிடையாது. 2008-ல 'மில்லியன் டாலர் ஆர்ம்'னு ஒரு டி.வி. போட்டி. யார் வேகமா, குறி தப்பாம எறியறாங்கனு பார்த்தாங்க. ரிங்கு எறிஞ்சது மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர். பரிசு ஒரு லட்சம் டாலர்! ரெண்டு பேரும் அமெரிக்கா பறந்தாங்க. டாம் ஹவுஸ்ங்கற கோச்கிட்ட சில மாசம் பயிற்சி. அதே வருஷம் நவம்பர்ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீம் ரெண்டு பேரையும் ஒப்பந்தம் பண்ணிடுச்சு. 2014-ல டிஸ்னி இதைப் படமாவே எடுத்தாங்க, மியூசிக் நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்.

படம் அங்க முடிஞ்சிடும். நிஜம் முடியலை. தினேஷை 2010-லயே டீம் விடுவிச்சிடுச்சு, ஊர் திரும்பிட்டார். ரிங்கு 2011 வரைக்கும் கீழ்மட்ட லீக்ல படிப்படியா ஏறினார். அப்புறம் அடுத்தடுத்து காயம். 2018-ல மல்யுத்தம் பக்கம் போயிட்டார், டபிள்யூ.டபிள்யூ.இ-ல 'வீர் மஹான்'னு பார்த்திருப்பீங்களே, அதே பார்ட்டிதான்! சின்ன வயசுல வேகமா எறிய ஆசைப்படற ஒவ்வொருத்தரும் இந்த ரெண்டாவது பாதியையும் படிச்சுட்டுத்தான் பந்தைத் தொடணும்னு எனக்குத் தோணுது.

சரி, வேகம் எங்கேயிருந்து வருது? 'கையிலேர்ந்துதான்'னு சொன்னா, சாரி, ஃபெயில். வேகம் தரையிலேர்ந்து வருது. பின்னங்கால் தரையைத் தள்ளுது, இடுப்பு சுத்துது, அப்புறம் நெஞ்சு, அப்புறம் தோள், முழங்கை, கடைசியா மணிக்கட்டும் விரலும். மாட்டை ஓட்டற சாட்டையை நினைச்சுப் பாருங்க. பிடி மெதுவாத்தான் அசையும், நுனி 'சுளீர்'ங்கும். அதே கணக்குதான்.

இதுல புதுசா எறியறவங்க சொதப்பற இடம் ஒண்ணே ஒண்ணுதான். இடுப்பும் தோளும் சேர்ந்தே திரும்பிடும். முன்கால் தரையில ஊணும்போது இடுப்பு எதிராளியைப் பார்க்க ஆரம்பிச்சிருக்கணும், தோள் இன்னும் பக்கவாட்டுலயே நிக்கணும். துணி பிழியற மாதிரி உடம்புல ஒரு முறுக்கு விழும். அந்த முறுக்கு அவிழறப்போதான் கை தானா பறக்கும். முன்கால் எட்டு கிட்டத்தட்ட உங்க உயரத்துக்கு நெருக்கமா இருக்கலாம். ஆனா ஊணின பிறகு முட்டி தொளதொளனு முன்னாடி போகக் கூடாது. ஓடற பைக் கல்லுல முட்டினா பின்னாடி உட்கார்ந்தவர் பறக்கறார் இல்லையா? கால் நின்னாத்தான் மேல் உடம்பு பறக்கும்.

பிடி சிம்பிள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே, கட்டைவிரல் கீழே. முட்டையைப் பிடிக்கற மாதிரி லூஸா. இறுக்கிப் பிடிச்சா மணிக்கட்டு செத்துடும்.

கிரிக்கெட் ஆடறவங்களுக்கு ஒரு குஷியான செய்தி. அங்க முழங்கையை 15 டிகிரிக்கு மேல நிமிர்த்தினா 'எறியறான்'னு புகார். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனே அந்தப் புகார்ல சிக்கி, ஆக்‌ஷனை மாத்திக்கிட்டுத்தான் மேல வந்தார். இங்க எறியறதுதான் வேலையே! பந்தும் கிரிக்கெட் பந்தைவிட கொஞ்சம் லேசு, 142-லேர்ந்து 149 கிராம்.

ஆனா அந்த முழங்கைதான் ஆபத்தும். அதோட உட்பக்கம் ஒரு சின்ன தசைநார் இருக்கு. ஒவ்வொரு எறியும் அதை இழுக்குது. அறுந்துட்டா 'டாமி ஜான்' ஆபரேஷன்தான். 1974-ல ஃபிராங்க் ஜோப்ங்கற டாக்டர், டாமி ஜான்ங்கற பிட்சருக்கு முதன்முதலா செஞ்சது. திரும்பி எறிய ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். ஓசூர் சிப்காட்ல ஷிப்ட்டுக்குப் போய்க்கிட்டே படிக்கறவங்களுக்கு, அப்பாகூட தோப்புல கூடை தூக்கறவங்களுக்கு, ஒரு வருஷம் கை போச்சுன்னா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம்.

அதனால கணக்கு வெச்சுக்கோங்க. அமெரிக்காவுல 17, 18 வயசு பசங்களுக்கு ஒரு நாளைக்கு 105 எறிக்கு மேல கூடாதுனு பரிந்துரை. 30 தாண்டினா ஒரு நாள் ரெஸ்ட், 80 தாண்டினா நாலு நாள். அது வருஷக்கணக்கா எறிஞ்சு பழகின பசங்களுக்கு! நீங்க ஆரம்பத்துல 20, 25 எறிங்க, அதுவும் முக்கால் வேகத்துல. பத்து நிமிஷம் ஓடி, தோளைச் சூடாக்காம முதல் பந்தை எறியாதீங்க. முழங்கை உட்பக்கம் சுருக்னு குத்துச்சா, அன்னிக்குக் கடையை மூடிடுங்க. 'ஸ்ப்ரே அடிச்சுட்டு எறியறேன் மச்சி'னு சீன் போடறவன் பேச்சைக் கேட்காதீங்க. யூ டியூப்ல கனமான பந்தை எறிஞ்சு வேகம் கூட்டற வீடியோவெல்லாம் வரும், அதுவும் இப்போதைக்கு வேண்டாம். தண்டால், ஸ்குவாட், முதுகுக்கு புல்-அப்ஸ் போதும்.

ஸ்பீடு கன் வாங்கக் காசு இல்லையா? செல்போன் போதும். முன்கால் ஊணற இடத்துலேர்ந்து 18 மீட்டர்ல ஒரு சுவர். பக்கவாட்டுல ஃபிரெண்டை நிக்க வெச்சு வீடியோ எடுங்க. செகண்டுக்கு 30 ஃபிரேம் ஓடும். பந்து கையை விட்டதுலேர்ந்து சுவர்ல படற வரைக்கும் 20 ஃபிரேம்னா, மணிக்கு ஏறத்தாழ 97 கிலோமீட்டர். 18 ஃபிரேம்னா 108. நிஜ மேடையிலேர்ந்து பேட்ஸ்மேன் நிக்கற தட்டு வரைக்கும் தூரம் 18.44 மீட்டர், அதனால இந்தச் சுவர் கிட்டத்தட்ட அசல் ஆடுகளம்தான்.

நம்பர் வந்ததும் உங்க காலேஜ் பி.டி. சாரைப் பாருங்க. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகள்ல பேஸ்பாலும் உண்டு. பெரியார் பல்கலைக்கழக டீம் செலக்‌ஷன் எப்போன்னு கேளுங்க. கேட்கும்போது அந்த வீடியோவையும் காட்டிடுங்க!