நொடிக்கு 60 முறை

கல்லூரிக் காலத்தில் கேம் புரோகிராமிங்கில் கைவைத்து, பிறகு வேலை, குடும்பம் என்று பதினைந்து இருபது வருடம் விட்டுவிட்டு, மறுபடி பொழுதுபோக்காக அதற்குத் திரும்ப ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். இப்போது எந்த மொழி, எந்த என்ஜின் படிக்க வேண்டும்? கையைப் பிடித்துச் சொல்லித்தர ஓர் ஆசான் கிடைப்பாரா? முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வரும்; எந்தப் பதிலை எடுத்துக்கொண்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டாவது கேள்விதான் கோணலாகக் கேட்கப்படுகிறது. கேம் எழுதுவதில் சொல்லித்தர வேண்டிய பகுதி சிறியது. அது புத்தகங்களிலேயே கிடைக்கிறது. எழுதியதை ஒருவர் ஆடிப்பார்த்து ‘இங்கே இடறுகிறது’ என்று சொல்ல வேண்டிய பகுதிதான் பெரியது. ஆகவே, ஓடக்கூடிய ஒரு சின்ன கேமைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆசானைத் தேடிப் போக வேண்டும் என்பேன். ஏன் என்று விளங்க, கேமின் உள்ளே சுற்றும் ஒரே ஒரு சக்கரத்தைத் திறந்து பார்த்தால் போதும்.

சம்பளப் பட்டியல் போடும் புரோகிராம் நாம் ஏதாவது கேட்கும்வரை சும்மா இருக்கும். கேட்டதும் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். கேமுக்கு அந்தச் சுகம் கிடையாது. நாம் எந்தப் பட்டனையும் தொடாவிட்டாலும் எதிரி நடக்க வேண்டும், பந்து விழ வேண்டும், மேகம் நகர வேண்டும். அதனால் எந்த கேமை எடுத்தாலும் அதன் நடுவில் ஓயாமல் சுற்றும் ஒரு லூப் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும், ஆடுபவர் எதை அழுத்தியிருக்கிறார் என்று அது பார்க்கிறது. அதற்கேற்ப எல்லாவற்றையும் கொஞ்சம் நகர்த்துகிறது. நகர்ந்த நிலையைத் திரையில் வரைகிறது. நொடிக்கு 60 படம் காட்டும் திரை என்றால் இந்த மூன்று வேலைக்கும் சேர்த்துக் கிடைப்பது 16.67 மில்லிநொடி. அதற்குள் முடியாவிட்டால் ஒரு படம் தவறிப்போகும். ஆடுபவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கை உடனே கண்டுபிடித்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. எவ்வளவு கொஞ்சம்? டர்போ சி-யின் நீலத் திரையில் பழகியவர்களிடம் இதற்கு ஒரு நாட்டு வைத்தியம் இருந்தது: பந்து வேகமாக ஓடினால், ஒன்றுமே செய்யாத ஒரு ஃபார் லூப்பை நடுவில் செருகிப் பல்லாயிரம் முறை சுற்றவிடுவது. தங்கள் கம்ப்யூட்டரில் அளவாக ஓடிய கேம், அடுத்து வாங்கிய கம்ப்யூட்டரில் கண்ணுக்கே தெரியாமல் பறக்கும். கருவி செய்தவர்களும் இதே இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள். டர்போ பாஸ்கலில் ‘டிலே’ கட்டளைக்காக, புரோகிராம் தொடங்கும்போதே கம்ப்யூட்டரின் வேகத்தை அளந்துகொள்ளும் ஒரு கணக்கு உண்டு. 1990களின் பிற்பகுதியில் 200 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு வேகம் வந்ததும் அந்தக் கணக்கின் விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்தது. எழுதியவர் பக்கம் எந்தத் தப்பும் இல்லாத புரோகிராம்கள்கூட ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லிவிட்டுத் தொடங்கும் முன்பே செத்துப்போயின.

இதற்குப் பரவலான தீர்வு, கடந்த சுற்றிலிருந்து எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று அளந்து, அதை வேகத்தால் பெருக்கி நகர்த்துவது. இதிலும் ஓட்டை உண்டு. நொடிக்கு 1,200 பிக்ஸல் பாயும் குண்டு, 60 படக் கணக்கில் ஒரு சுற்றுக்கு 20 பிக்ஸல் தாண்டும். எதிரே இருக்கும் சுவரின் தடிமன் 8 பிக்ஸல் என்றால், ஒரு சுற்றில் குண்டு சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும். அடுத்த சுற்றில் அந்தப் பக்கம் போயிருக்கலாம். அப்போது சுவரைத் தொட்ட கணமே கிடையாது. கம்ப்யூட்டர் ஒரு கணம் திணறினால் தாண்டல் இன்னும் நீளும். அதனால்தான் விவரமறிந்தவர்கள் நகர்த்தும் வேலையை மாறாத காலப்படியில் வைத்துவிட்டு, வரையும் வேலையை மட்டும் திரையின் வேகத்துக்கு விடுகிறார்கள். 1993-இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட ‘டூம்’ கேமின் உலகம் நொடிக்குச் சரியாக 35 படிகளில் நகர்கிறது. ஆட்டத்தைப் பதிவுசெய்ய அது படம் எதையும் சேமிப்பதில்லை. ஒவ்வொரு படியிலும் ஆடுபவர் கொடுத்த கட்டளைகளை மட்டும் சேமிக்கிறது. படி மாறாததால், அவற்றை மறுபடி ஊட்டினால் முழு ஆட்டமும் அச்சு அசலாக மீண்டும் நடக்கும்.

இவ்வளவும் சொல்லித்தரக்கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்துவிடலாம். இதற்கு மேல் இருப்பதுதான் படிப்புக்குள் அடங்காமல் நழுவுகிறது. 1978-இல் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ கேமில் 55 வேற்றுக்கிரகவாசிகள். ஒரு படத்துக்கு ஒன்றைத்தான் அந்தப் புரோகிராம் நகர்த்தும். ஆகவே சுடச்சுட, மிச்சமிருப்பவற்றின் முறை சீக்கிரம் சீக்கிரமாக வரும், கூட்டம் வேகமெடுக்கும். லூப்பின் குறை என்று இதைத் திருத்தியிருக்கலாம். நிஷிகாடோ அப்படியே விட்டார். கடைசி ஒன்றைத் துரத்தும்போது ஆடுபவரின் நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான். எது குறை, எது சுவை என்பதை லூப்பைப் படித்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது, ஆடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆசான் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 1972-இன் ‘பாங்’ நல்ல சாட்சி. அட்டாரி நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்னுக்கு வீடியோ கேம் செய்த அனுபவமே கிடையாது. நிறுவனர் நோலன் புஷ்னெல் பாடம் எதுவும் எடுக்கவில்லை. ஒரு பந்து, இரண்டு மட்டை, புள்ளிக்கணக்கு என்று ஒரு சின்ன வேலையைக் கொடுத்தார். அது வெறும் பயிற்சி. ஜெனரல் எலக்ட்ரிக் கேட்ட கேம் என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னார். (இந்த முறையைச் சிபாரிசு செய்வதற்கில்லை.) மைக்ரோபிராசஸரும் புரோகிராமும் இல்லாமல் வெறும் லாஜிக் சிப்புகளை இணைத்தே அல்கார்ன் அதைச் செய்தார். கேட்காமலே சிலவற்றைச் சேர்க்கவும் செய்தார்: மட்டையை எட்டுத் துண்டாகப் பிரித்து, நடுவில் பட்டால் பந்து நேராகவும் ஓரத்தில் பட்டால் சாய்வாகவும் திரும்ப வைத்தார், ஆட்டம் நீள நீளப் பந்து வேகமெடுக்கும்படியும் செய்தார். செய்ததைப் பார்த்த பிறகுதான் புஷ்னெலுக்கு இது பயிற்சியோடு நிற்கக்கூடியதல்ல என்று பட்டது. அளவான வேலையைக் கொடுப்பதும், முடிந்ததை ஆடிப்பார்த்து மதிப்புச் சொல்வதும்தான் அங்கே ஆசான் வேலை.

மிச்சத்துக்கு ஆளே தேவையில்லாத ஆசான்களும் உண்டு. 1991-இல் எம்எஸ்-டாஸ் 5 உடன் வந்த க்யூபேசிக்கில் ‘கொரில்லாஸ்’ என்ற கேம் இருந்தது. மாடிக் கட்டடங்களின் மேல் நிற்கும் இரண்டு கொரில்லாக்கள் வெடிக்கும் வாழைப்பழத்தை எறிந்துகொள்ளும். அதை ஆட வேண்டுமென்றால் அதன் நிரலைத் திறந்தாக வேண்டும். திறந்தவர் கண்ணில் காற்றும் புவியீர்ப்பும் இரண்டு மாறிகளாகத் தெரியும், மாற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். டூமின் மூலநிரல் 1997-இல் பொதுவில் வைக்கப்பட்டது. அந்த 35 படி லூப்பை இன்றும் யாரும் வரிவரியாக வாசிக்கலாம். டூமை எழுதிய ஜான் கார்மாக், மைக்கேல் அப்ராஷ் பத்திரிகைகளில் எழுதிய கிராஃபிக்ஸ் கட்டுரைகளைப் படித்துக் கற்றவர். ‘குவேக்’ கேமில் (1996) இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். முகம் பார்க்காத ஆசானின் எழுத்து முதலில் வந்தது, ஆசானின் பக்கத்து நாற்காலி பிறகுதான்.

இப்போது மறுப்புகள். யூனிட்டி, கோடோ போன்ற என்ஜின்களே லூப்பைச் சுற்றிக்கொள்ளும்போது இதையெல்லாம் தெரிந்துகொள்வது எதற்கு என்பார்கள். யூனிட்டியில் ‘அப்டேட்’ என்றும் ‘ஃபிக்ஸ்டு அப்டேட்’ என்றும் இரண்டு இடங்கள் உண்டு. இரண்டாவது, மாற்றாமல் விட்டால் 0.02 நொடிக்கு ஒருமுறை என்ற நிலையான படியில் ஓடும். கோடோவிலும் இதே பிரிவினை இருக்கிறது. ஏன் இரண்டு என்று தெரியாதவர் குதிக்கும் பட்டன் அழுத்தப்பட்டதா என்பதை யூனிட்டியின் ‘ஃபிக்ஸ்டு அப்டேட்’டில் பார்க்கும்படி எழுதிவிட்டு, பொம்மை சில சமயம் குதிக்கிறது, சில சமயம் குதிப்பதில்லை என்று நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார். என்ஜின் லூப்பை மறைக்கத்தான் செய்கிறது, இல்லாமல் ஆக்குவதில்லை.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் போதுமே என்பது இப்போதைய மறுப்பு. மறந்துபோன இலக்கணத்துக்கும், புரியாத பிழைச்செய்திக்கும் அது நல்ல துணை, நடுராத்திரியிலும் சலிக்காது. ஆனால் நம் கேமை ஆடி அலுத்துப்போய்ப் பாதியில் எழுந்து போக அதனால் முடியாது. நமக்கு வேண்டியதோ அந்த அலுப்பு பற்றிய தகவல்தான். இன்னும் கனமான மறுப்பு ‘ஸ்டார்ட்யூ வேலி’. எரிக் பரோன் நாலரை வருடம் தனியாக உழைத்து 2016-இல் அதை வெளியிட்டார். ஆசான் எங்கே என்று கேட்கலாம். அவர் ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்ற முடிந்த கேம் ஒன்றைக் கண்முன் வைத்துக்கொண்டு தொடங்கியவர். நிரலாக்கத்தில் கை தேறுவதற்கான பயிற்சியாகவே அதை ஆரம்பித்தவர். தவிர, அந்த உழைப்பு மாலையில் ஒரு மணி நேரம் கிடைக்கிறவருக்கு அளவுகோல் ஆகாது.

தேர்ந்தவர்களுக்கு நேரம் ஏது என்பது நியாயமான கவலை. நேரம் எவ்வளவு என்பது கேள்வியின் அளவைப் பொறுத்தது. ‘கேம் எழுதக் கற்றுக்கொடுங்கள்’ என்று கேட்டால் பதில் சொல்ல ஆறு மாதம் வேண்டும், எவரும் நழுவத்தான் பார்ப்பார்கள். ‘என் பொம்மை தரையில் இறங்கும்போது ஒரு கணம் நடுங்குகிறது, இந்த நாற்பது வரிகளில் எங்கே தப்பு?’ என்று கேட்டால் ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலானவர்கள் ஆர்வமாகவே பதில் சொல்வார்கள், ஏனென்றால் அது அவர்களும் பட்ட பாடு. 2002-இல் தொடங்கிய ‘லுடும் டேர்’ போன்ற போட்டிகள் நடப்பது இந்தக் கணக்கில்தான்: 48 மணி நேரத்தில் தனியாளாக ஒரு கேமை முடிக்க வேண்டும், பிறகு கலந்துகொண்டவர்கள் ஒருவர் கேமை ஒருவர் ஆடி மதிப்பிடுவார்கள்.

ஆகவே இந்த வாரம் ஒரு மட்டை, ஒரு பந்து, மூன்று சுவர் எழுதுங்கள். என்ஜின் எதுவாகவும் இருக்கட்டும். முடிந்ததும் வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டு, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்றுகூடச் சொல்லாமல் பின்னால் நின்று பாருங்கள். அவர் முகம் சுளிக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதைப் பற்றி மட்டும் தெரிந்தவரிடம் கேளுங்கள்.