சொல்லை விட்டு இசையைக் கேட்போம்

ஒரு பாடலைப் போட்டுக் காட்டினால் "சூப்பரா இருக்கு சார்" என்பார்கள் மாணவர்கள். எது சூப்பர் என்று கேட்டால் படத்தின் பெயரையோ நடிகரின் பெயரையோ சொல்வார்கள். தாளம், குரல், கருவி எனப் பிரித்துக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. அதற்காகத் திருவண்ணாமலையில் என் எட்டாம் வகுப்புக்கு, சொற்கள் எளிதில் பிடிபடாத ஓர் ஆங்கில ராக் பாடலைத் தேர்ந்தெடுத்தேன். பொருள் புரியாதபோது காது இசையைக் கவனிக்கிறது.

குயின் என்ற பிரிட்டிஷ் குழு 1977இல் வெளியிட்ட 'வீ வில் ராக் யூ' அந்தப் பாடல். எழுதியவர் கிதார் கலைஞர் பிரையன் மே. பாடிய ஃபிரெடி மெர்குரி, மகாராஷ்டிர மாநிலம் பஞ்சகனியில் பள்ளிப் படிப்பைப் படித்தவர். பாடல் சுமார் 2 நிமிடம்தான். ஒரே பாடவேளையில் மூன்று முறை கேட்கலாம். ஒவ்வொரு முறைக்கும் ஒரே ஒரு கேள்வி.

தாளம் எப்படிப் போகிறது? இரண்டு மிதி, ஒரு கைதட்டல், ஓர் இடைவெளி. நம் 'தகதிமி'யில் 'த', 'க' இரண்டும் மிதி, 'தி' தட்டு, 'மி' மௌனம். செய்யச் சொன்னால் பலரும் அந்த மௌனத்தில்தான் அவசரப்படுவார்கள். மௌனத்துக்கும் அளவு உண்டு என்பதை அங்கேயே விளக்கிவிடலாம்.

யார் பாடுகிறார்கள்? சரணத்தில் ஒருவர், ஏறக்குறையப் பேசுவதுபோல. பல்லவியில் பல குரல்கள் சேர்கின்றன. கிரிவலத்தில் ஒருவர் சொல்லக் கூட்டமே முழங்குவதைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும்.

என்னென்ன கருவிகள்? "டிரம்ஸ்" என்றார்கள். டிரம்ஸ் இல்லை என்று முதலில் கண்டுபிடித்தவர், கோயில் திருவிழாக்களில் தவில் வாசிப்பவரின் மகன், வாசிப்பில் பின்தங்கியிருப்பவர். பலகைகளில் மிதித்த ஓசையையும் கைதட்டலையும் பலமுறை பதிவுசெய்து அடுக்கியிருக்கிறார்கள். எதிரொலியாகத் தோன்றாமல் பெருங்கூட்டமாக ஒலிப்பதற்கு, அடுக்குகளின் நேர இடைவெளிகளைப் பகா எண்களைக் கொண்டு அமைத்ததாக மே கூறியிருக்கிறார். பின்னாளில் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். கணித ஆசிரியரையும் வகுப்புக்கு அழைக்கலாம். கிதார் கடைசிப் பகுதியில்தான் முழுமையாக வருகிறது. காக்க வைத்ததால் அதன் வருகை பெரிதாகத் தெரிகிறது.

அடுத்த வகுப்பில் நம்மூர் அருணகிரிநாதரின் திருப்புகழுக்கு வந்தோம். பதிப்புகளில் பாடலுக்கு மேலே 'தன', 'தான', 'தந்த' என்று சந்தம் தரப்பட்டிருக்கும். முதலில் அதை மட்டும் சொல்லிக் கைதட்டச் செய்தேன். பிறகே பாடல் வரிகள். நீண்ட அடிகளைக் கண்டு மிரளும் மாணவர்களும் ஓசையைப் பிடித்துக்கொண்டு தடையின்றி வாசித்தார்கள்.

இதற்கு இசைப் பயிற்சியோ வாத்தியங்களோ தேவையில்லை. ஒரு ஒலிபெருக்கி போதும். தமிழ், ஆங்கிலம், கணிதம் எது உங்கள் பாடமானாலும், கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் நாள்களில் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பாட வராது என்று ஒதுங்கி நிற்கும் மாணவருக்கும் பதில் சொல்ல ஓர் இடம் கிடைக்கும்.