கடலுக்கு அடியில் ஒரு காவலாளி

நம்ம தருமபுரி மாவட்டத்தில் கடல் கிடையாது. ஆனால் ஒகேனக்கல்லில் கொட்டும் காவிரி கடைசியில் பூம்புகாரில் கடலில்தான் சேருகிறது. அந்தக் கரையையும் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியது.

அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே நிலநடுக்கம். அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இருந்தும் மக்களுக்குத் தகவல் இல்லை. இந்தியப் பெருங்கடலில் அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே இல்லை.

நடுக்கடலில் சுனாமி வந்தால் கப்பலில் இருப்பவருக்குக்கூடத் தெரியாதாம். அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது?

கடல் தரையில் அழுத்தமானி வைக்கிறார்கள். மேலே தண்ணீர் உயர்ந்தால் அழுத்தம் கூடும். ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் அது கண்டுபிடித்துவிடும். ரேடியோ அலை கடல்நீருக்குள் தூரம் போகாது. அதனால் ஒலி மூலம் மேலே உள்ள மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அங்கிருந்து ஐதராபாத் சுனாமி எச்சரிக்கை மையத்துக்குப் போகும். இம்மையம் 2007 முதல் இரவும் பகலும் இயங்குகிறது. மிதவைகளைக் கவனிப்பது சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்.

2012 ஏப்ரல் 11 அன்று மறுபடியும் சுமத்ரா அருகே 8.6 அளவு நிலநடுக்கம். கருவிகளில் தண்ணீர் கொஞ்சம்தான் உயர்ந்தது. அதனால் எச்சரிக்கை விலக்கப்பட்டது.

மிதவையைச் சுற்றி மீன்கள் கூடும். அதனால் சிலர் அதில் படகைக் கட்டுகிறார்கள், பாகங்களையும் கழற்றிவிடுகிறார்கள். மிதவை கெட்டால் கீழே உள்ள காவலாளி ஊமையாகிவிடும். கடலோர ஊரில் சொந்தக்காரர் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்!

- 9ஆம் வகுப்பு மாணவி