சீட்டு போதாது, வழியும் வேண்டும்

1928-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வேலியிட்ட சுமார் 1,150 ஏக்கர் நிலத்தில் ஆறு வெள்ளைவால் மான்களை விட்டார்கள்: நான்கு பெண், இரண்டு ஆண். 1933 டிசம்பரில் ஆட்கள் வரிசையாக நடந்து, விரட்டி எண்ணியபோது சுமார் 160 மான்கள் இருந்தன. 'ஜார்ஜ் ரிசர்வ்' என்ற அந்த நிலம், கட்டுப்படுத்த எதுவும் இல்லாவிட்டால் மான் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதைக் காட்டியது.

வளர்ந்த பெண்மான் பெரும்பாலும் இரட்டைக்குட்டி ஈனும். ஓர் ஆண்மான் பல பெண்மான்களோடு இணையும். ஆகவே கொம்புள்ள ஆண்களை மட்டும் சுட்டு வீழ்த்தினால் அடுத்த ஆண்டுக் குட்டிகள் குறைந்துவிடாது. எண்ணிக்கை இறங்க வேண்டுமானால் பெண்மான்கள் குறைந்தாக வேண்டும். அதற்காகவே 'கொம்பில்லாத மான்' என்று தனி அனுமதிச் சீட்டு வழங்குகிறார்கள். பெண்மான்களோடு அந்த ஆண்டுக் குட்டிகளும் இதில் அடங்கும்.

இதை மக்கள் எளிதில் ஏற்கவில்லை. கட்டற்ற வேட்டையால் 1900 வாக்கில் பல மாநிலங்களில் இந்த மான் அருகிப்போயிருந்தது. பென்சில்வேனியா 1907-இல் பெண்மானைச் சுடுவதற்கே தடை விதித்தது. அன்று அது தேவையான சட்டம். ஆனால் ஓநாய்கள் ஒழிந்த காடுகளில் மான்கள் பெருகி, குளிர்காலத்தில் பட்டினியால் செத்தன. விஸ்கான்சினில் 1943-இல் கொம்பில்லாத மான்களைச் சுட அனுமதித்தபோது, அதை ஆதரித்த சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டைப் பலர் தூற்றினார்கள். அவர் பேசியது காட்டுக்காக. மான் அளவுக்கு மீறினால் ஓக், ஹெம்லாக் கன்றுகள் தலையெடுக்காது. புதர்களில் கூடு கட்டும் பறவைகளும் இடம் இழக்கும்.

சீட்டு கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? பெண்மான் பிறந்த இடத்தை விட்டு அதிகம் விலகாது. மகள், தாயின் மேய்ச்சல் எல்லையை ஒட்டியே தங்கும். நியூயார்க்கின் அடிரோன்டாக் மலைகளில் ஆய்ந்த வில்லியம் போர்ட்டர் குழுவினர் 1991-இல் இதை ரோஜா இதழ்களின் அடுக்குக்கு ஒப்பிட்டார்கள். பத்து மைல் தள்ளி எத்தனை பெண்மான்களைச் சுட்டாலும் இந்தத் தோப்பில் மேயும் குடும்பம் குறையாது. வேட்டை தொடங்கியதும் மான்கள் துப்பாக்கி நுழையாத தனியார் நிலங்களில் ஒதுங்குவதும் உண்டு. அப்போது மாவட்டம் முழுமைக்கும் போட்ட சீட்டுக் கணக்கு அந்த இடத்தில் பொய்த்துவிடுகிறது.

நிலக்காரரின் தயக்கமும் நியாயமானதே. முன்பின் தெரியாதவர் துப்பாக்கியோடு வருவதை யார் விரும்புவார்? தன் நிலத்தில் யாராவது அடிபட்டால் வழக்கு வருமோ என்ற பயம் வேறு. கட்டணமில்லாமல் நிலத்தைத் திறந்துவிடுவோரின் பொறுப்பைக் குறைக்கப் பென்சில்வேனியா 1966-இலேயே சட்டம் இயற்றியது. குறிப்பிட்ட ஒரு நிலத்தில் மட்டும் செல்லும் கொம்பில்லாத மான் சீட்டுகளும் அங்கே உண்டு. என் பார்வையில் இதுவே சரியான வழி. மானும் சீட்டும் அனுமதியும் ஒரே இடத்தில் சேர்கின்றன.

பென்சில்வேனியக் காடுகளில் பெரும்பகுதி தனியாருடையது. நிலக்காரர் சம்மதம் கிடைக்காத இடத்தில் எத்தனை ஆயிரம் சீட்டு அச்சிட்டாலும் மான் குறையாது.