குட்டை நீரில் பி.எச். கருவி: அது காட்டும் அளவை எப்போது நம்பலாம்?

இறால், மீன் வளர்க்கும் விவசாயிகள் பலர் குட்டையில் தானியங்கி பி.எச். கருவிகளை வைக்கத் தொடங்கியுள்ளனர். நீரின் கார அமில நிலையைக் கருவி இரவும் பகலும் அளந்துகொண்டிருக்கும். அளவு மாறினால் கைபேசிக்குச் செய்தி வரும். நகரத்து நீச்சல் குளங்களில் வைப்பதும் இதே வகைக் கருவிதான். ஆனால் நீச்சல் குளத்தில் இருப்பது தெளிந்த நீர். குட்டையிலோ பாசி, சேறு, சுண்ணாம்பு, தீவன எண்ணெய் எல்லாம் உண்டு. கவனிப்பு இல்லாவிட்டால் கருவி சில வாரங்களிலேயே தவறான அளவைக் காட்டத் தொடங்கிவிடும்.

நஷ்டம் எங்கே வருகிறது?

குட்டை நீரின் பி.எச். 7.5 முதல் 8.5 வரை இருப்பது இறாலுக்கு நல்லது. தீவன மிச்சத்தாலும் கழிவாலும் நீரில் அம்மோனியா சேரும். 28 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீரில் பி.எச். 8 இருந்தால், அந்த அம்மோனியாவில் சுமார் 7 சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 9 ஆகிவிட்டால் அது சுமார் 40 சதவீதமாக உயரும். உவர்நீரில் இந்த அளவு சற்றுக் குறையுமே தவிர, ஆபத்து ஒன்றுதான். பி.எச். ஒரு எண் கூடினால் காரத்தன்மை பத்து மடங்கு கூடியது என்று பொருள். எனவே கருவியில் அரைப் புள்ளி பிழை என்பது சிறிய பிழை அல்ல.

கருவி வேலை செய்யும் விதம்

1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்னால்டு பெக்மன் என்பவர் இக்கருவியை முதன்முதலில் செய்ததே எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளப்பதற்காகத்தான். அன்றுபோல் இன்றும் இதன் உயிர்நாடி நுனியிலுள்ள மெல்லிய கண்ணாடிக் குமிழ். 25 டிகிரி வெப்பத்தில், நல்ல குமிழ் ஒரு பி.எச். வித்தியாசத்துக்குச் சுமார் 59 மில்லிவோல்ட் மின்னழுத்தம் தரும். பி.எச். 7 என்றால் ஏறக்குறைய பூஜ்யம்.

குமிழ் பழசாகிவிட்டால் இந்த மின்னழுத்தம் குறையும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நீரின் உண்மையான பி.எச். 9 இருந்தாலும் கருவி 8.6 என்றே காட்டும். தீவனத்தைக் குறைத்து நீரை மாற்ற வேண்டிய நாளில் விவசாயி கவலையின்றி இருந்துவிடுவார்.

முதலில் சுத்தம், பிறகு அளவு திருத்தம்

பாசி படிந்த குமிழ், குட்டை நீரை அளப்பதில்லை. தன்மேல் படிந்த பாசியைத்தான் அளக்கிறது. எனவே வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நல்ல நீரில் கழுவ வேண்டும். வழவழப்பு இருந்தால் மிருதுவான தூரிகையால் மெல்ல நீக்கலாம். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் வினிகரில் 5 முதல் 10 நிமிடம் வைத்து எடுத்துக் கழுவலாம். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சில சொட்டு சோப்புத் திரவம் போதும். துணியால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும்.

சுத்தம் செய்த பிறகே அளவு திருத்த வேண்டும். இதற்கு பஃபர் கரைசல்கள் கிடைக்கின்றன. முதலில் 7, அடுத்து 10 என இரண்டு கரைசல்களில் திருத்துவது குட்டை நீருக்குப் பொருந்தும். ஒரே கரைசலில் திருத்தினால் குமிழ் பலவீனமடைந்தது தெரியாமல் போகும். 10-ஆம் எண் கரைசலைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து அளவு குறைந்துவிடும். எனவே சிறிதளவு ஊற்றிப் பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிட வேண்டும். மீதியைப் புட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது.

குமிழை ஒருபோதும் காயவிடக் கூடாது. வெளியே எடுத்து வைக்கும்போது பொட்டாசியம் குளோரைடு கரைசல் ஊற்றிய மூடியில் வைக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் ஊறவைத்தால் குமிழ் விரைவில் கெடும்.

இடமும் நேரமும்

கரையோர மூலை, சுண்ணாம்பு கரைத்து ஊற்றும் இடம், ஏரேட்டர் நுரை கிளப்பும் இடம் ஆகியவற்றில் கருவியைக் கட்டக் கூடாது. நீர் நன்றாகக் கலந்து ஓடும் இடத்தில், சேற்றில் படாமல் தொங்கவிட வேண்டும்.

பாசி பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் பி.எச். பிற்பகலில் உச்சத்தில் இருக்கும்; விடியுமுன் மிகக் குறைவாக இருக்கும். இது கருவியின் பிழை அல்ல. நேற்றைய காலை அளவை இன்றைய மாலை அளவோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். காலை அளவைக் காலையோடும், மாலை அளவை மாலையோடும் ஒப்பிட வேண்டும்.

எளிய சோதனைகள்

குட்டை நீரை ஒரு பிளாஸ்டிக் வாளியில் மொண்டு, உடனே கருவியை அதில் வைத்துப் பாருங்கள். குட்டையில் ஒரு அளவும் வாளியில் வேறு அளவும் காட்டினால், நீரில் மின்கசிவு இருக்கலாம். ஏரேட்டர் மோட்டாரை நிறுத்தியதும் அளவு மாறினால் சந்தேகம் உறுதியாகும். இது கருவிக்கு மட்டுமல்ல, குட்டையில் இறங்கும் ஆட்களின் உயிருக்கும் ஆபத்து. மின்சாரத்தைத் துண்டித்து எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை யாரும் நீரில் இறங்கக் கூடாது.

எந்தக் கரைசலில் வைத்தாலும் 7-ஐ ஒட்டியே காட்டினால் குமிழில் கீறல் விழுந்திருக்கலாம், அல்லது வயர் இணைப்பில் ஈரம் புகுந்திருக்கலாம். இணைப்பைத் துடைத்து உலர்த்தியும் சரியாகாவிட்டால் குமிழை மாற்றத்தான் வேண்டும். நல்ல பராமரிப்பிலும் இக்குமிழ் ஓரிரு ஆண்டுகளே உழைக்கும்.

கழுவிய தேதி, திருத்திய தேதி, காலை மாலை அளவுகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். சந்தேகம் வரும் நாளில் கைக்கருவியாலோ பி.எச். தாளாலோ ஒருமுறை சரிபார்த்த பிறகே குட்டையில் எதையும் கொட்டுங்கள். வாரத்தில் அரை மணி நேரம் கருவிக்குச் செலவிட்டால், பருவம் முழுவதும் போட்ட முதலைக் காப்பாற்றலாம்.